மஞ்சள் பொட்டைக் கண்டுபிடித்த டெமெத்ரியோ சாருக்கு

எண்ணெய்க் குச்சியை உருவிய மாத்திரத்தில், அது எவர் ஊற்றிய எண்ணெய், எந்த ஊர் எண்ணெய் என்று எடுத்துரைக்கும் ஏந்தலே! முத்திரை விழாத சர்வீஸ் புத்தகத்தை முதற்பக்கத்திலேயே மூடிவைக்கும் முதல்வரே! வாரன்ட்டி என்னும் வாசலில் வாழ்நாளெல்லாம் நின்று, வந்தவர் ஒவ்வொருவரையும் வணக்கம் சொல்லி வெளியே அனுப்பிவைத்த வள்ளலே! சிகிஹோர்த் தீவு பெற்றெடுத்து, துமகெத்தே நகரம் தத்தெடுத்த தவப்புதல்வரே! மாண்புமிகு வாரன்ட்டி அதிகாரி டெமெத்ரியோ சுமல்போங் அவர்களே! இந்தக் கிளையின் மெக்கானிக்குகளும், உதிரிபாகக் கவுன்ட்டரும், வரவேற்பு மேஜையும், வண்டி கழுவுவோரும் ஒருங்கே எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

உங்கள் பிரிவுபசார விழாவில் வாசிக்க மடல் எழுதும் பொறுப்பு உதிரிபாகக் கவுன்ட்டரில் இருக்கும் மேரிவிக் ஆகிய என் தலையில் விழுந்தது. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் வாங்கியாகிவிட்டது, அதற்குள் அடங்கும்படி எழுது, சார் கண் கலங்க வேண்டும் என்றார். எழுதியதை அவரிடம் காட்டவில்லை. சட்டத்துக்குள் அடங்கவும் இல்லை. இதுவரை வாசித்ததை மட்டும் வெட்டி மாட்டிக்கொள்ளலாம், அதில் வம்பு எதுவும் கிடையாது. இனி வருவது சுவரில் மாட்ட அல்ல. கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் எல்மிராவை நாங்கள்தான் அழைத்தோம். அவருடைய வேனுக்கு நீங்கள் மறுத்த புது இன்ஜினை, உங்கள் பதவி முடியும் இன்று மாலை ஐந்து மணிக்குள் உங்களிடம் கேட்டு வாங்கத்தான் இந்த மடல். பாராட்டு அதற்கு வழி. ஆனாலும் பாராட்டில் பொய் எழுதவில்லை.

கறை படாத கைகளுக்குச் சொந்தக்காரரே! கிரீஸ் கறையைச் சொல்லவில்லை. அது எங்களுக்கு விதித்தது. நீங்கள் ஒரு நாளும் எவரிடமும் எதையும் வாங்கியதில்லை. பைஸ் ஊரிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், கியர் பெட்டி போன தன் வண்டிக்காக ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து உங்கள் மேஜையடியில் வைத்தார். நீங்கள் கூடையையும் தொடவில்லை, வண்டியையும் தொடவில்லை. ஒரு முறை கம்பெனிக்கு வெளியே ஏதோ ஷெட்டில் ஆயில் மாற்றியவர் என்று சொல்லி இரண்டையும் திருப்பி அனுப்பினீர்கள். ஆயிலுக்கும் கியர் பெட்டிக்கும் என்ன உறவு என்று அவர் வரவேற்பு மேஜையில் நின்று கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை. நீங்கள் வாங்குகிற ஆளாக இருந்திருந்தால் எல்மிராவுக்காக நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்திருப்போம். உங்கள் நேர்மை அந்த வழியையும் அடைத்துவிட்டது.

கண்ணுக்கும் மூக்கிற்கும் கம்பெனி தனியாகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டிய கலைஞரே! வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு ஆயிலை வைத்து, விரலால் தேய்த்து, முகர்ந்து, "இது நம்ம வீட்டு ஆயில் இல்ல" என்று நீங்கள் சொல்லும்போது வாடிக்கையாளர் முகம் எப்படி மாறும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். சிகிஹோர்க்காரர் என்றாலே மந்திரம் தெரிந்தவர் என்று இங்கே கேலி பேசுவார்கள். உங்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. மிகக் குறைவாக வாரன்ட்டி கொடுத்த கிளை என்று மணிலாத் தலைமையகம் தந்த கோப்பைகள் வரவேற்பறை அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. வாரன்ட்டி கேட்டு வருகிறவர்கள் அவற்றுக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான் காத்திருக்கிறார்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களைச் சான் டெமெத்ரியோ என்று அழைப்பதை நீங்கள் அறிவீர்கள். தொலைந்த பொருளைத் தேடித் தர ஒரு புனிதர் இருப்பதுபோல, விழாத முத்திரையைக் கண்டுபிடித்துத் தர எங்களுக்கு ஒரு புனிதர். வண்டி தூக்கும் இரண்டாம் லிஃப்ட்டில் யாரோ உங்கள் படத்தை ஒட்டி, கீழே மெழுகுவத்தி வைத்தபோதுகூட நீங்கள் கோபப்படவில்லை. மெழுகுவத்தியை மட்டும் அணைத்துவிட்டு, இங்கே பெட்ரோல் இருக்கிறது என்று சொல்லிப் போனீர்கள். உங்களை வெறுப்பதும் சுலபமாக இல்லை. எங்கள் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் வந்தீர்கள். விடியும்வரை உட்கார்ந்து சீட்டாடினீர்கள். இங்குள்ள மெக்கானிக்குகளில் பாதிப் பேருக்குக் கல்யாணத்தில் நினோங்காக நின்று, பெரியவராகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். ரெனாந்தே ஜூமவானுக்கும் நீங்கள்தான் நினோங்.

அவன் பெயரை இந்தக் கூடத்தில் சொல்லக் கூடாது என்று இல்லை. ஆனாலும் அவன் வேலை போன நாளிலிருந்து யாரும் சொன்னதில்லை. நாங்கள் நாந்தே என்று கூப்பிட்ட அவன் உங்கள் தீவுக்காரன், உங்கள் தெருக்காரன், நீங்களே படகேற்றிக் கூட்டிவந்து மூன்றாம் லிஃப்ட்டில் நிறுத்திய மெக்கானிக். எல்மிரா அவனுடைய அக்கா.

எல்மிரா பயாவானுக்கும் துமகெத்தேக்கும் இடையே ஆள் ஏற்றித் தன் வேனைத் தானே ஓட்டுகிறவர். நம் ஷோரூமில் வாங்கிய புது வேன். ரிப்பன் கட்டிய வண்டியின் முன்னால் உங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைக் கொஞ்ச காலம் நம் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம், பிறகு நீங்களே எடுக்கச் சொன்னீர்கள். நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு, ஆயில் மாற்றி முத்திரை வாங்க வேண்டிய ஐந்தாயிரம் கிலோமீட்டர் சீக்கிரமே வந்துவிடும். புத்தகத்தில் இரண்டு முத்திரை விழுந்தது. மூன்றாவதற்கு அவர் போனில் கூப்பிட்டபோது, ஊரார் காசா என்று சொல்லும் இந்தக் கம்பெனிப் பணிமனையில் இடமில்லை, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றோம். மூன்று வாரம் ஓட்டிக்கொண்டே காத்திருந்தால் கிலோமீட்டர் தாண்டிவிடும். தாண்டினால் தாமதம் என்று நீங்கள் வாரன்ட்டியை மறுப்பீர்கள். வெளியே மாற்றினால் ஷெட் என்று மறுப்பீர்கள். வண்டியை நிறுத்திவைத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று கதவையும் சாத்திவிட்டு, உள்ளே வந்ததற்கு அத்தாட்சி கேட்பது நம் வழக்கம்.

நாந்தே என் கவுன்ட்டருக்கு வந்தான். கம்பெனி ஆயில், கம்பெனி ஃபில்டர், ஆயில் நட்டுக்கு அடியில் போடும் செம்பு வாஷர் வரைக்கும் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை அவன் மச்சானுடைய ஷெட்டில் வேனைத் தூக்கி நிறுத்தி மாற்றினான். இங்கே எப்படிச் செய்வானோ அப்படியே செய்தான். அங்கேதான் சறுக்கினான். ஆயில் நட்டை முறுக்கி முடித்ததும், நட்டையும் அதை ஒட்டிய இரும்பையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பது இந்தப் பணிமனையின் பழக்கம். நட்டு தளர்ந்தால் பொட்டு பிளந்து காட்டிக்கொடுக்கும். பெயிண்ட் பேனா சட்டைப்பையிலேயே வீடுவரை வந்துவிடும், துணியோடு துவைந்துவிடும், மெக்கானிக்குகளின் மனைவிமார் எல்லோரும் அந்தக் கறையைப் பற்றி என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். முறுக்கி முடித்த நாந்தேயின் கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்துப் பொட்டு வைத்துவிட்டது. திருட்டுத்தனம் செய்கிறவன் அப்படி அடையாளம் வைத்துவிட்டு வரமாட்டான்.

நாம் கொடுத்த தேதி வந்த அதே வாரம், சியாத்தோன் ஏற்றத்தில், ஆட்களோடு போய்க்கொண்டிருந்த வேனின் இன்ஜின் இறுகி நின்றது. இழுத்து வந்தார்கள். ஆயில் பம்ப் தேய்ந்து, மேலே ஆயில் ஏறாமல், பேரிங் உருகிக் கிடந்தது. பிரித்துப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் ஐயமில்லை. அதே கப்பலில் வந்திறங்கிய வேன்களில் அதற்கு முன்பே மூன்றுக்கு அதே பம்ப், அதே கதி. அந்த மூன்றும் முத்திரை குறையாத வண்டிகள். மூன்றுக்கும் புது இன்ஜின் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். பம்ப் தேய்ந்தது எதனால் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் டார்ச்சோடு வேனுக்கு அடியில் போனீர்கள். புத்தகத்தில் மூன்றாம் முத்திரை இல்லை, நட்டில் மட்டும் நம் மஞ்சள் பொட்டு இருந்தது. வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு, மெக்கானிக்குகளை வரிசையாக நிற்கச் சொன்னீர்கள். எல்மிரா தம்பியைக் காட்டிக்கொடுக்காமல், ஏதோ ஒரு ஷெட் என்று மட்டும் சொல்லியிருந்தார். இது யார் கை என்று கேட்டீர்கள்.

"என் கை, நினோங்" என்றான் நாந்தே. வேலை நேரத்தில் அவன் உங்களை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"இங்க நினோங்லாம் கெடையாது" என்றீர்கள். "வெளிய மாத்துனா வெளிய மாத்துனதுதான்."

"அதே ஆயில் சார். அதே ஃபில்டர். மேரிவிக் அக்கா கையால வாங்குனது. இங்க அஞ்சு வருசமா உங்க வண்டிக்கு மாத்துற அதே கைதான். கெழம மட்டுந்தான் ஞாயிறு."

"முத்திரை எங்க?"

வெளிவேலை பார்த்தான் என்று அந்த வாரமே அவனை வேலையிலிருந்து எடுத்தீர்கள். அவன் கல்யாணப் பதிவில் கையெழுத்திட்ட பேனாவாலேயே அந்தத் தாளிலும் கையெழுத்திட்டீர்கள். அந்தப் பச்சைப் பேனாவை நீங்கள் மாற்றியதே இல்லை. எல்மிராவின் மனுவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தீர்கள். பம்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வெளியில் செய்த வேலையால் வந்த பழுதுக்குத்தான் வாரன்ட்டி கிடையாது என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம் சொல்கிறது. எத்தனையோ பேருக்கு நீங்கள் புத்தகத்தைப் புரட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறோம், அந்தப் பக்கத்தை ஒருவருக்கும் காட்டிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நீங்கள் தொண்டையைக் கனைப்பீர்கள், முதலாளியம்மா என்னைப் பார்த்து விரலை அசைப்பார். நான் நிறுத்தப் போவதில்லை. எங்களுக்குக் கோபம் நீங்கள் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அல்ல. அதே பம்ப் அந்த மூன்று வண்டிகளில் கெட்டபோது அது கம்பெனியின் குறை, எல்மிராவின் வண்டியில் கெட்டபோது அது நாந்தேயின் குறை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்போம். தெரிந்தே செய்தீர்கள், அந்த ஆண்டும் கோப்பை வாங்கினீர்கள்.

வேன் இன்னும் நம் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. டயரைச் சுற்றிப் புல் வளர்ந்துவிட்டது. சென்ற ஆண்டுவரை சொந்த வண்டி ஓட்டிய எல்மிரா இப்போது அதே வழியில், அதே வேன் வரிசையில், பிறர் வேன்களுக்கு ஆள் கூப்பிட்டுக் கதவு சாத்துகிறார். இந்த மாதக் கடைசிக்குள் வண்டி ஓடி வராவிட்டால் வரிசையில் அவருக்குள்ள இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று வேன் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். அந்த இடம் போனால் பிறகு இன்ஜின் வந்தும் பயனில்லை. மறுத்த மனுவை ஓராண்டுக்குள் அதே கிளையின் வாரன்ட்டி அதிகாரி மறுபடி எடுத்து அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. உங்களுக்குப் பின் வரப்போகிறவரை மணிலா இன்னும் நியமிக்கவில்லை. எப்போது நியமிப்பார்கள் என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். ஆகவே எல்மிராவுக்கு மிச்சமிருப்பது உங்களுடைய இன்றைய மாலை மட்டும்தான்.

ஓய்வு கண்டு ஊர் திரும்பும் உத்தமரே! நாளைக் காலைப் படகில் உங்கள் புதுக் காரோடு சிகிஹோரின் லரேனா துறைமுகத்தில் இறங்கப் போகிறீர்கள். ஊழியர் விலையில் நீங்கள் தேடி வாங்கிய காருக்கும் அதே இன்ஜின்தான், அதே பம்ப்தான். ஆறு மாதம் அல்லது ஐந்தாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதற்குள் ஆயில் மாற்றி முத்திரை வாங்க வேண்டும். உங்கள் தீவில் காசா கிடையாது. ஒவ்வொரு முறையும் காரைப் படகிலேற்றிக் கடல் தாண்டி இங்கே வந்து, இடம் கிடைக்காமல் அந்தக் கோப்பைகளுக்கு எதிரே நீங்களும் உட்கார வேண்டியிருக்கும். மழைக்காற்றுக் காலத்தில் படகும் ஓடாது. துறைமுகத்துக்கு எதிரே தகரம் வேய்ந்த ஷெட் ஒன்று இருக்கிறது. வேலை போன பிறகு நாந்தே அங்கேதான் தொழில் செய்கிறான். கம்பெனி கார்களைக் கையாளத் தெரிந்த ஷெட் தீவில் அது ஒன்றுதான் என்று கேள்வி.

சென்ற வாரம் அவனிடம் போனில் பேசினேன். நீங்கள் காரோடு வருகிறீர்கள் என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"வரட்டும்க்கா" என்றான். "கண்டவன்கிட்ட குடுத்து வண்டியக் கெடுத்துக்கறதுக்கு என்கிட்டயே வரட்டும். நல்லாவே மாத்தி அனுப்புறேன். முத்திரதான் என்கிட்ட இல்ல, அத அவர்கிட்ட சொல்லிடுங்க."

பிறகு, "எங்கக்கா வண்டி இன்னும் பின்னாடியேதான் நிக்குதா?" என்று கேட்டான். நிற்கிறது என்றேன்.

அவனுக்கு இருக்கும் பெருந்தன்மை எங்களுக்கு இல்லை, சார். எங்களுக்கு இருப்பது கோபம் மட்டும்தான், அதைத்தான் மரியாதையாக உடுத்தி இத்தனை நேரம் வாசித்தேன். எல்மிராவின் மடியில் இருப்பது புது மனு. பழுது பம்பில் இருக்கிறது, ஆயிலில் இல்லை என்று எழுதி, அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த ஒவ்வொரு மெக்கானிக்கும் இன்று காலையில் பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆயிலையும் ஃபில்டரையும் விற்றவள் என்று நானும் போட்டிருக்கிறேன். இதற்காக எங்களை எடுப்பதானால் எல்லோரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் நாளைக்கு வரும் வண்டிகளுக்கு முதலாளியம்மாவே ஆயில் மாற்றிக்கொள்ளட்டும். உங்கள் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

நெடுநாள் வாழ்க, நோயின்றி வாழ்க, நித்திரை கெடாமல் வாழ்க என்று வாழ்த்துவது முறை. முதல் இரண்டையும் முழுமனதாக வாழ்த்துகிறோம். மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. ஆயுள் நீள வேண்டும் என்று நீளமான பான்சித் நூடுல்ஸ் கிளறி வைத்திருக்கிறோம். ஆறிப்போனால் சூடு பண்ணிக்கொள்ளலாம், சுட்ட பன்றி லெச்சோனும் அப்படித்தான். எல்மிரா எழுந்து வரமாட்டார். போன தடவை உங்கள் மேஜைவரை வந்து திரும்பிப் போனவர் அவர். அதனால் இந்தத் தடவை நீங்கள்தான் கடைசி வரிசைவரைக்கும் நடக்க வேண்டும், சார். வழியிலுள்ள நாற்காலிகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

உங்களோடு உழைத்த,
துமகெத்தே கிளைப் பணிமனை ஊழியர்கள்,
மனுவில் உள்ள அதே பெயர்களோடும் அதே வரிசையிலும்.